டிபிஎன் ஏறும் வீட்டில் வைட்டமின், தாது உப்புக் கணக்கு: முழுமையான வழிகாட்டி

டிபிஎன் என்பது குடலைத் தவிர்த்து ரத்தக்குழாய் வழியே நேராக ஏற்றும் முழு உணவு. மூன்று அறைப் பையின் மேலுறையைப் பிரித்து, நடுவே உள்ள ஒட்டுகள் விலகும்படி உருட்டிக் கலந்தால் பால் நிறத்தில் உணவு தயாராகிவிடும். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்), அமினோ அமிலம் (புரதம்), லிப்பிட் (கொழுப்பு) என்ற மூன்றும் அதில் உண்டு. பெரும்பாலான பைகளில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், பாஸ்பேட்டும் இருக்கும். லிப்பிடில் இயல்பாகவே உள்ள கொஞ்சம் ஈ, கே தவிர வைட்டமின் எதுவும் இருக்காது. செலினியம், செம்பு போன்ற நுண்தாதுக்களும் இருக்காது. சில பைகளில் துத்தநாகம் மட்டும் உண்டு. மாதக்கணக்கில் பையிலேயே வைத்திருந்தால் சிதைந்துவிடும் என்பதால் இவற்றைத் தனி ஆம்பூலாக (சின்ன ஊசி மருந்துக் குப்பி) தருகிறார்கள். ஏற்றும் அன்றுதான் சேர்க்க வேண்டும்.

மதுரையிலோ திருச்சியிலோ சென்னையிலோ குடல் அறுவை முடிந்து காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் வீடு திரும்பும் குடும்பங்கள் முதலில் தவறவிடுவது இதைத்தான். பை ஏறுகிறது, எடை கூடுகிறது, முகம் தெளிகிறது. இரண்டு, மூன்று வாரத்தில் வேறொரு பக்கம் சரியத் தொடங்குகிறது.

வாயால் சாப்பிடும்போது குடல் ஒரு காவல்காரன். உடலில் இரும்பு நிறைந்திருந்தால் உள்ளே விடுவதைக் குறைக்கும். மாங்கனீசில் மிகச் சிறிய பங்கைத்தான் அனுமதிக்கும். ரத்தக்குழாய் வழியே நேராக ஏற்றும்போது அந்தக் காவல் கிடையாது. சேர்க்காதது ஒரு துளியும் வராது. சேர்த்தது அத்தனையும் உள்ளே போய்விடும். ஆகவே இந்த உணவுக்குக் கணக்குப் புத்தகம் வேண்டும். பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய ஊரில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அளவைத் தீர்மானிப்பது உங்கள் மருத்துவக் குழு. இந்த வழிகாட்டி குடும்பத்துக்கும், வீட்டுக்கு வரும் செவிலியருக்கும், உள்ளூர்க் குடும்ப மருத்துவருக்கும்.

வரவு: ஒரு நாளைக்கு எவ்வளவு

வளர்ந்தவர் ஒருவருக்கு ரத்தக்குழாய் வழியே தினமும் பொதுவாகத் தரப்படும் வைட்டமின் அளவுகள்: தியாமின் 6 மி.கி., ரிபோஃப்ளேவின் 3.6 மி.கி., நியாசின் 40 மி.கி., பான்டோதெனிக் அமிலம் 15 மி.கி., பி6 6 மி.கி., பயோட்டின் 60 மைக்ரோகிராம், ஃபோலிக் அமிலம் 600 மைக்ரோகிராம், பி12 5 மைக்ரோகிராம், சி 200 மி.கி., ஏ 3,300 யூனிட், டி 200 யூனிட், ஈ 10 யூனிட், கே 150 மைக்ரோகிராம்.

நுண்தாதுக்கள்: துத்தநாகம் 3 முதல் 5 மி.கி., செம்பு 0.3 முதல் 0.5 மி.கி., செலினியம் 60 முதல் 100 மைக்ரோகிராம், மாங்கனீசு 55 மைக்ரோகிராம், குரோமியம் 10 மைக்ரோகிராமுக்கு மிகாமல்.

உப்புகள்: சோடியம், பொட்டாசியம் இரண்டும் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிமோல் (உப்பை அளக்கும் அலகு). மற்றவை நாளைக்கு மொத்தமாக: மெக்னீசியம் 4 முதல் 10, கால்சியம் 5 முதல் 7.5, பாஸ்பேட் 20 முதல் 40 மில்லிமோல்.

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, உங்கள் மருந்துக்கடை தரும் ஆம்பூலின் லேபிளோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். இந்த வேலையை ஒருமுறையாவது செய்தே ஆக வேண்டும். ‘மல்டிவைட்டமின்’ என்று விற்கப்படும் ஊசிகள் எல்லாம் ஒன்றல்ல. சிலவற்றில் வைட்டமின் கே இருக்காது. சிலவற்றில் பி12, ஃபோலிக் அமிலம் இருக்காது. நுண்தாது ஆம்பூல் சிலவற்றில் செலினியம் இருக்காது. ‘அது ஸ்டாக் இல்லை, பி காம்ப்ளக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், எல்லாம் சத்து ஊசிதான்’ என்று கடையில் சொன்னால் ஏற்காதீர்கள். அதில் ஏ, டி, ஈ, கே, சி எதுவும் வராது. பி6 அளவோ பல மடங்கு இருக்கலாம். நெடுநாள் போனால் நரம்பைப் பாதிக்கும்.

வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமை மாத்திரை எடுப்பவர்கள் (குடல் ரத்தக்குழாய் அடைப்பால் அறுவை ஆனவர்களில் பலர் எடுப்பார்கள்) ஆம்பூலின் பிராண்டை மாற்றினாலும், சில நாள் விட்டுவிட்டாலும் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் எண்) ஆடிவிடும். மாற்றிய வாரமே பரிசோதியுங்கள்.

செலவு: ஸ்டோமா பையில் போவது

வரவை விட இதில்தான் பலருக்கும் கணக்குத் தவறுகிறது. ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்.

50 கிலோ எடையுள்ள ஒருவர். சிறுகுடலின் மேல்பகுதியில் ஸ்டோமா (குடலை வயிற்றின் வெளியே திறந்து பையில் வடியவிடும் வழி). நாளைக்கு 1.5 லிட்டர் வெளியேறுகிறது. மேல் சிறுகுடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 100 மில்லிமோல் சோடியம் இருக்கும். ஆக ஸ்டோமா வழியே மட்டும் 150 மில்லிமோல் போகிறது. உடலின் அடிப்படைத் தேவை கிலோவுக்கு 1 வீதம் 50. மொத்தம் 200. உணவுப் பையில் 70 இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 130 குறைகிறது. நார்மல் சலைன் ஒரு லிட்டரில் 154 மில்லிமோல். ஆகவே இவருக்கு உணவுப் பையோடு 850 மி.லி. அளவுக்கு சலைனும் தேவைப்படும். பையை மட்டும் ஏற்றிவிட்டு ‘நேற்று முழுப் பையும் ஏறியது, ஏன் தலை சுற்றுகிறது?’ என்று கேட்டால் பதில் இந்த 130-ல் இருக்கிறது.

துத்தநாகத்துக்கும் இதே முறைதான். சிறுகுடல் நீர் லிட்டருக்கு 12 மி.கி. கூடுதலாகத் தர வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 1.5 லிட்டருக்கு 18 மி.கி. ஆம்பூலில் வருவது 5 மி.கி.க்குள். மிச்சத்தைத் தனி ஊசி மருந்தாக மருத்துவர் எழுதித் தர வேண்டும். நீங்கள் அளந்து சொன்னால்தான் அவரால் எழுத முடியும்.

அதனால் அளவுக்கோடு போட்ட ஜாடி ஒன்று வாங்கிவையுங்கள். ஸ்டோமா பையைக் காலி செய்யும் ஒவ்வொரு முறையும் அதில் ஊற்றி, மி.லி. எழுதி, பிறகு கொட்டுங்கள். சிறுநீருக்கு வேறு ஜாடி. ‘முக்கால் பை’, ‘கொஞ்சம் கூடுதல்’ என்று எழுதியதை வைத்து எதையும் கூட்ட முடியாது. சிறுநீரில் சோடியம் லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே வந்தால் ரத்தச் சோடியம் சரியாகக் காட்டினாலும் உடலில் உப்பு வற்றியிருக்கிறது என்று பொருள். காரைக்குடியில் எந்த நல்ல லேபிலும் செய்யக்கூடிய மலிவான பரிசோதனை இது. ரத்தச் சோடியத்தை மட்டும் நம்பி ஏமாறுவதை விட இது மேல்.

உப்பு வற்றினால் அதோடு நிற்காது. அதைப் பிடித்துவைக்க உடல் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கும்; அது பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் சிறுநீரில் தள்ளும். மெக்னீசியம் குறைந்தால் கால்சியமும் பொட்டாசியமும் எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. கை கால் குறக்களி, விரல் மரப்பு, படபடப்பு என்று வரும்போது கால்சியம் ஊசிக்கு ஓடுவதற்கு முன் மெக்னீசியத்தைப் பாருங்கள். ஸ்டோமா நீரைக் குறைக்கத் தரும் ஒமெப்ரசோல் வகை மாத்திரைகளும் நெடுநாளில் மெக்னீசியத்தைக் குறைக்கும். எலும்புக்கும் திசுவுக்கும் வெளியே ரத்தத்தில் இருப்பது உடலின் மெக்னீசியத்தில் சுமார் 1 சதவீதம்தான்; சந்தேகம் இருந்தால் 24 மணி நேரச் சிறுநீரில் மெக்னீசியம் பார்க்கச் சொல்லுங்கள்.

குடிப்பதைப் பற்றி

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். இளநீர் வரும், பழச்சாறு வரும். ‘நாக்கு வறண்டிருக்கிறதே ஆச்சி, தண்ணீராவது நிறையக் குடியுங்கள்’ என்பார்கள். மேல் சிறுகுடல் ஸ்டோமா உள்ளவருக்கு வெறும் தண்ணீர், இளநீர், டீ, காபி எல்லாமே உப்புக் குறைந்த நீர். குடலுக்குள் போனதும் அது உடம்பிலிருந்து உப்பை உள்ளே இழுத்துக்கொண்டு வெளியேறும். குடிக்கக் குடிக்கப் பை நிறையும், தாகம் கூடும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் மிகக் குறைவு. வயிற்றுப்போக்குக்கு நல்லது என்ற பழக்கம் இங்கே பொருந்தாது. இவற்றை நாளைக்கு அரை லிட்டருக்குள் நிறுத்தி, மீதிக்கு உப்புக் கரைசல் கொடுங்கள்.

வீட்டிலேயே செய்யலாம்: கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் குளுக்கோஸ் பொடி 20 கிராம், சாப்பாட்டு உப்பு 3.5 கிராம், ஆப்பசோடா 2.5 கிராம். இதில் சோடியம் 90 மில்லிமோல் இருக்கும். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் வேறு பொருள். அதைப் போடக் கூடாது. கரண்டிக் கணக்கு வேண்டாம், நகைக்கடைத் தராசு போன்ற சின்ன டிஜிட்டல் தராசில் நிறுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து, உறிஞ்சு குழாயால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லுங்கள்; 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். சிறுநீரகம், இதயத்தில் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே.

பையில் சேர்க்கும் முறை

பயிற்சி பெற்ற செவிலியரோ, மருத்துவமனையில் கற்றுக்கொடுக்கப்பட்ட குடும்பத்தவரோ மட்டும் செய்ய வேண்டும். பொட்டாசியம், கால்சியம், பாஸ்பேட், மெக்னீசியம் இவற்றை வீட்டில் பையில் சேர்க்கவே கூடாது. கால்சியமும் பாஸ்பேட்டும் அளவு மீறிச் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத படிகமாகி நுரையீரல் ரத்தக்குழாயை அடைக்கும். 1994-ல் அமெரிக்காவில் இரண்டு பேர் இப்படி இறந்த பிறகுதான் வடிகட்டி பற்றிய எச்சரிக்கையே வந்தது.

1. மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், மேசையை ஸ்பிரிட்டால் துடையுங்கள். சோப்பால் கை கழுவி முழுதாக உலரவிட்டு, கையுறை போடுங்கள்.

2. பையின் பெயர், காலாவதி, கசிவு மூன்றையும் பாருங்கள். ஒட்டுகளை லேபிளில் சொன்ன வரிசையில் விடுவித்து, மெதுவாகத் தலைகீழாக்கித் தலைகீழாக்கிக் கலக்குங்கள். குலுக்க வேண்டாம்.

3. மருந்து சேர்க்கும் வாயை 70 சதவீத ஆல்கஹால் பஞ்சால் அழுத்தித் தேய்த்து, காயவிடுங்கள். முதலில் நுண்தாது ஆம்பூல். சேர்த்ததும் பையைச் சில முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள்.

4. கடைசியாக வைட்டமின். அதற்கு வேறு சிரிஞ்ச். ஒரே சிரிஞ்சில் செம்பும் வைட்டமின் சியும் அடர்த்தியாகச் சந்தித்தால் சி வேகமாகச் சிதையும். ஏற்றத் தொடங்குவதற்கு முன்தான் இதைச் சேர்க்க வேண்டும்; காலையிலேயே சேர்த்துவிட்டு இரவு ஏற்றுவது வீண்.

5. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வைட்டமினால் வெண்மை லேசாக மஞ்சளிப்பது இயல்பு. மேலே பாலாடை மாதிரி ஒரு படலம் தெரிந்து, மெதுவாகக் கவிழ்த்தால் கலந்துவிட்டால் ஏற்றலாம். மஞ்சள் எண்ணெய்ச் சொட்டுகள் பிரிந்து மிதந்தால், ரசத்தின் மேல் நெய் நிற்பது போல் ஓரத்தில் வளையம் கட்டினால், கொழுப்பும் நீரும் சேர்ந்த குழம்பு (எமல்ஷன்) உடைந்துவிட்டது. கலக்கினாலும் சேராது. பையை ஒதுக்கிவிடுங்கள்.

6. புதுக் குழாய், 1.2 மைக்ரான் வடிகட்டி. பையின் மேல் ஒளி புகாத உறை. வடிகட்டி அடைத்துக்கொண்டால் அதைக் கழற்றிவிட்டு நேராக ஏற்றுவது ஆபத்து. அடைத்தது படிகமாக இருக்கலாம். நிறுத்திவிட்டு மருத்துவமனையைக் கூப்பிடுங்கள்.

பையில் சேர்க்க முடியாத இடத்தில் வைட்டமினைச் சலைனில் கரைத்துத் தனியாக ஏற்றுவார்கள். அது ஏற்கத்தக்கதே, ஆனால் வேகமாக ஏற்றினால் நீரில் கரையும் வைட்டமின்கள் சிறுநீரில் போய்விடும். சிரிஞ்சால் நேராகக் குத்தி ஏற்றுவது கூடாது. ஒவ்வாமையும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வரலாம்.

வெயில், மின்வெட்டு

வளவு முற்றத்தில் வெளிச்சமும் காற்றும் நன்றாக இருக்கிறதென்று பட்டசாலையில் கட்டில் போட்டு, தூணில் பையைத் தொங்கவிடுவதுண்டு. வைட்டமின் ஏ, ரிபோஃப்ளேவின், கே இவற்றை வெளிச்சம் சிதைக்கும். வைட்டமின் ஏ பகல் வெளிச்சத்தில் சில மணி நேரத்திலேயே பெருமளவு போய்விடும். பகலில் ஏற்றினால் உள்ளறையில் ஏற்றுங்கள். இரவில் 10 முதல் 14 மணி நேரம் ஏற்றுவது இன்னும் நல்லது.

சித்திரை, வைகாசியில் அறையின் சூடு 35 டிகிரியைத் தாண்டும். கலக்காத பைகளைப் பெரும்பாலும் 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கும், உறையவும் கூடாது. மருந்தகத்தில் கலந்து வரும் பைக்கு 2 முதல் 8 டிகிரி. ஃபிரிட்ஜில் நடுத்தட்டில், உள்ளே ஒரு வெப்பமானியோடு வையுங்கள். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் இரண்டு மணி நேரப் பயணம். ஐஸ் பெட்டியில் ஜெல் கட்டிக்கும் பைக்கும் நடுவே துண்டு மடித்து வையுங்கள். நேராகத் தொட்டால் லிப்பிட் உறைந்து கெடும்.

ஏற்றுவதற்கு 1 முதல் 2 மணி நேரம் முன்பு வெளியே எடுத்துத் தானாகச் சூடேற விடுங்கள். வெந்நீரிலோ வெயிலிலோ வைக்காதீர்கள். உப்பு சூட்டில் நன்றாகக் கரையும் என்பது சமையலறை அனுபவம்; கால்சியம் பாஸ்பேட் அதற்கு நேர்மாறு, சூடு ஏற ஏறப் படியும்.

தியாமின்: காத்திருக்க முடியாத ஒன்று

மற்ற வைட்டமின்கள் குறைய மாதங்கள் ஆகலாம். தியாமின் கையிருப்பு இரண்டு, மூன்று வாரம்தான். குளுக்கோஸை எரிக்க அது வேண்டும். இல்லையென்றால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் குவியும். 1997-ல் அமெரிக்காவில் மல்டிவைட்டமின் ஊசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது டிபிஎன் நோயாளிகளுக்கு நடந்தது இதுதான். சோடா பைகார்பனேட் ஏற்றினாலும் தீராது. தியாமின் ஏற்றினால் சில மணி நேரத்தில் தெளியத் தொடங்கும்.

வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிவது, குழப்பப் பேச்சு இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. போகும் வழியில் உள்ளூர் கிளினிக்கில் ‘களைப்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ்’ போடக் கேட்காதீர்கள். தியாமின் முதலில், குளுக்கோஸ் பிறகு. பல நாள் பட்டினிக்குப் பின் டிபிஎன் தொடங்குபவருக்கும் இதே வரிசைதான்: முதலில் தியாமின் 100 மி.கி., பிறகு மெதுவாகக் கூட்டும் உணவு. முதல் வாரம் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் தினமும் பார்க்க வேண்டும். பாஸ்பேட் திடீரெனச் சரிந்தால் மூச்சுத் தசையே தளரும்.

ஆம்பூல் கையிருப்பு 15 நாளுக்குக் கீழே போகும்போதே அடுத்ததைச் சொல்லிவைத்துவிடுங்கள். கிடைக்கவே இல்லை என்றால் தியாமின் ஊசியையாவது தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

உடம்பு காட்டும் அடையாளங்கள்

வாயோரம், மூக்கோரம், தொடை இடுக்கில் சிவந்து உரியும் புண், முடி கொட்டுதல், ருசி தெரியாமை, ஆறாத காயம்: துத்தநாகம். தொடை வலி, நகம் வெளுத்தல், காரணம் புரியாத இதயத் தளர்ச்சி: செலினியம். இரும்பு கொடுத்தும் ஏறாத ரத்தசோகையோடு வெள்ளணுவும் குறைந்தால், பாதம் மரத்து நடை தடுமாறினால்: செம்பு, பி12 இரண்டையும் பாருங்கள். வாய்வழித் துத்தநாக மாத்திரை அதிகமாக எடுத்தால் குடலில் செம்பு உறிஞ்சப்படுவது குறையும் என்பதும் நினைவில் இருக்கட்டும். மாலையில் கண் மங்குவது வைட்டமின் ஏ.

ஆம்பூலில் உள்ள டி 200 யூனிட் நம் நோயாளிகள் பலருக்குப் போதாது. தனியாகத் தர வேண்டியிருக்கும். 6 லட்சம் யூனிட் ஊசியை அளவு பார்க்காமல் மாதாமாதம் போட்டுக்கொள்ளாதீர்கள். கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கடைசிச் சிறுகுடல் நீக்கப்பட்டவர்களுக்குத் தினமும் பையில் சேர்க்கும் ஆம்பூலின் பி12 போதும். ஆனால் டிபிஎன்னை வாரத்தில் சில நாளாகக் குறைக்கும்போது பி12 ஊசியைத் தொடங்க மறந்துவிடுகிறார்கள். அப்போதுதான் குறை வரும்.

கூடிப்போவதும் நோய்தான்

மாங்கனீசும் செம்பும் பித்தநீர் வழியே வெளியேறுபவை. பித்தத் தேக்கம் வந்தால் இரண்டும் தேங்கும். மாங்கனீசு மூளையின் அடிப்பகுதியில் படிந்து, பார்க்கின்சன் போலக் கை நடுக்கமும் இறுக்கமும் தரும், எம்.ஆர்.ஐ.யில் வெள்ளையாகத் தெரியும். நுண்தாது ஆம்பூலில் எல்லாம் ஒன்றாகக் கலந்திருப்பதால் மாங்கனீசை மட்டும் குறைக்க வழியில்லை. பித்தத் தேக்கத்தைக் காட்டும் பிலிருபின் தொடர்ந்து உயர்ந்திருந்தால் கூட்டு ஆம்பூலை நிறுத்தி, துத்தநாகம், செலினியத்தைத் தனித்தனியாகத் தரலாமா என்று கேளுங்கள். செம்பைக் கண்ணை மூடிக்கொண்டு முழுதாக நிறுத்துவதும் தவறு. அளந்து குறைக்க வேண்டும்.

சிறுநீரகம் பழுதானவருக்கு வைட்டமின் ஏ தேங்கும். கண்ணாடி ஆம்பூல் கால்சியம் குளுக்கோனேட்டில் இருந்து கசியும் அலுமினியம் எலும்பைக் கெடுக்கும். பை கலக்கும் மருந்தகத்தில் பிளாஸ்டிக் குப்பியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

இரும்பை லிப்பிட் கலந்த பையில் சேர்க்கக் கூடாது, குழம்பு உடையும். ஃபெரிட்டின் (உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் பரிசோதனை) பார்த்து, காய்ச்சல் இல்லாத நாளில், மருத்துவமனையில் தனியாக ஏற்ற வேண்டும். ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இரும்பு ஊசியை ஏற்றினால் அடுத்த வாரங்களில் பாஸ்பேட் சரியலாம், கட்டாயம் பரிசோதியுங்கள்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து உறவினர் அனுப்பும் மல்டிவைட்டமின் மாத்திரை, அறுவையில் நீளம் குறைந்த குடலில் எவ்வளவு சேரும் என்று சொல்லவே முடியாது. ஆம்பூலுக்குப் பதிலாக அதை எண்ணாதீர்கள். செந்தூரம், பஸ்பம் எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அவற்றில் உலோகம் இருக்கிறது.

பரிசோதனை எப்போது, எப்படி

நிலைபெறும் வரை வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, நன்கு நிலைபெற்றபின் 3 மாதத்துக்கு ஒருமுறை: சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம், பாஸ்பேட், சிறுநீரகம், கல்லீரல், ரத்த எண்ணிக்கை. 6 மாதத்துக்கு ஒருமுறை துத்தநாகம், செம்பு, செலினியம், டி, ஏ, ஈ, பி12, ஃபோலேட், ஃபெரிட்டின். ஆண்டுக்கு ஒருமுறை முழு ரத்தத்தில் மாங்கனீசு, எலும்பு அடர்த்தி ஸ்கேன்.

கூடவே எப்போதும் சி.ஆர்.பி. (உடலின் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுங்கள். உடலில் அழற்சி இருந்தால் துத்தநாகம், செலினியம், ஏ, டி குறைந்தது போலவும் செம்பு, ஃபெரிட்டின் கூடியது போலவும் காட்டும். சி.ஆர்.பி. 20-க்கு மேல் இருந்தால் அந்த எண்ணை வைத்து அளவை மாற்றாமல், தணிந்ததும் மறுபடி எடுப்பது நல்லது.

ரத்தத்தை டிபிஎன் ஏறும் குழாயிலிருந்து எடுக்காமல் மறு கை நரம்பில் எடுக்கச் சொல்லுங்கள். நுண்தாதுவுக்கு அடர்நீல மூடிக் குழாய். சாதாரணக் குழாயில் எடுத்தால் ரப்பர் மூடியின் துத்தநாகமே கலந்துவிடும். வைட்டமின் ஏ குழாயை அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும். சென்னைக்கோ மதுரைக்கோ அனுப்பும் லேப் என்றால் குழாய் அவர்களிடம் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். குழாயில் எடுத்த ரத்தத்தின் அணுக்கள் உடைந்திருந்தால் பொட்டாசியமும் துத்தநாகமும் பொய்யாக உயரும்.

நோட்டும் கடிதமும்

நீள நோட்டில் நாளுக்கு ஒரு வரி: எடை, ஏறிய பை, சேர்த்த ஆம்பூலின் பெயரும் தொகுப்பு எண்ணும், சலைன், வாய்வழி நீர், ஸ்டோமா, சிறுநீர். ஆம்பூல் சேர்க்காத நாளைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

கல்யாணம், கோவில் படைப்பு என்று ஊர் விட்டு ஊர் போகும்போது மருத்துவர் கையொப்பமிட்ட ஒரு பக்கக் கடிதத்தைப் பையோடு வையுங்கள். மீதமுள்ள குடலின் நீளம், குழாயின் வகை, தினசரி அளவுகள், ஆம்பூல் பெயர்கள் அதில் இருக்க வேண்டும். அதன் மேலே பெரிய எழுத்தில் மூன்று வரி: ‘தியாமின் தராமல் குளுக்கோஸ் ஏற்ற வேண்டாம். பொட்டாசியம் குறைந்தால் மெக்னீசியமும் பார்க்கவும். குளிரோடு காய்ச்சல் வந்தால் குழாய்த் தொற்று என்றே முதலில் கருதவும்.’